டின் ஆக்சைடு கேஸ் சென்சாருக்குப் பல்லேடியம் ஏற்றுவது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் புராஜெக்டுக்குக் கேஸ் கசிவு சென்சாரை எடுக்கும் தம்பி தங்கைகளுக்காக இது. கடையில் எம்க்யூ-6 என்ற எல்பிஜி சென்சாரை வாங்கி, ஆர்டுயினோ என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகையில் மாட்டுவதோடு நிறுத்தாதீர்கள். அதற்குள் இருப்பது போன்ற டின் ஆக்சைடு (வெள்ளீய ஆக்சைடு) பொடியை நாமே செய்து பார்க்கலாம். மஃபில் ஃபர்னஸும் (பொடியைச் சுடும் மின் உலை) நல்ல தராசும் கட்டாயம் வேண்டும்.

டின் ஆக்சைடைச் சுமார் 300 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன்மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்தடை ஏறும். எல்பிஜி வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களைத் திருப்பித் தரும், மின்தடை இறங்கும். இந்த வினை மந்தமானது. அதைக் குறைந்த வெப்பத்திலேயே விரைவாக நடக்க வைப்பதுதான் பல்லேடியம் என்ற உலோகத்தின் நுண்துகளின் வேலை.

முதலில் கணக்கு. 2 கிராம் டின் ஆக்சைடுக்கு 0.5 சதவீதம் என்றால் 10 மில்லிகிராம் பல்லேடியம். பல்லேடியம் குளோரைடில் 60 சதவீதம்தான் பல்லேடியம், ஆகவே சுமார் 16.7 மில்லிகிராம் எடுக்க வேண்டும். வெறும் தண்ணீரில் அது சரியாகக் கரையாது; நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டு லேசாகச் சூடாக்குங்கள். ஃப்யூம் ஹூட் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டி), கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும்.

அப்புறம் பொடியைக் கரைசலில் போட்டு, 80 டிகிரியில் கண்ணாடிக் குச்சியால் கிளறிக்கொண்டே வற்றவிடுங்கள். இதில்தான் பொறுமை வேண்டும். கிளறாமல் விட்டால் பீங்கான் கிண்ணத்தின் ஓரத்தில் பழுப்பு வளையம் கட்டும். பல்லேடியம் உப்பு அங்கே ஒதுங்கிவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு பல்லேடியம் போட்டோம் என்பதைவிட எவ்வளவு நுண்ணியதாகப் பரவியிருக்கிறது என்பதே முக்கியம். கூடுதலாகப் போட்டால் துகள்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிவிடும், பரப்பு குறையும்.

காய்ந்ததும் 500 டிகிரியில் 2 மணி நேரம் சுடுங்கள். வெள்ளைப் பொடி இளம்பழுப்பாக மாறும். இன்னொரு 2 கிராம் டின் ஆக்சைடைப் பல்லேடியம் இல்லாமல், அதே அமிலத் தண்ணீரில் ஊறவைத்து, அதே ஃபர்னஸில் சுட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட இந்தப் பொடி இல்லையென்றால், முன்னேற்றம் பல்லேடியத்தால்தான் வந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டையும் டெர்பினியால் (கரைப்பான்), எத்தில் செல்லுலோஸ் (ஒட்டவைக்கும் பொருள்) சேர்த்துத் தனித்தனியே பசையாக்கி, மின்முனைகள் உள்ள அலுமினா தகட்டில் மெல்லப் பூசி மறுபடி சுடுங்கள். தடிமனாகப் பூசினால் வாயு மேலேயே எரிந்து போய், அடிவரை எட்டாது.

அளக்கும் முன் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரை ஓரிரு நாள் ஓடவிடுங்கள். சென்சாரோடு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து 5 வோல்ட் கொடுத்தால், ரெசிஸ்டரின் குறுக்கே காற்றில் 0.5 வோல்ட் வருகிறது என்று வையுங்கள்: சென்சாரின் மின்தடை 90 கிலோ ஓம். வாயுவில் 2.5 வோல்ட் வந்தால் 10 கிலோ ஓம். இரண்டின் விகிதம் 9. இதைத்தான் இரண்டு சென்சாருக்கும் 200, 250, 300, 350 டிகிரிகளில் எடுத்து வரைபடம் போட வேண்டும். பல்லேடியம் ஏற்றிய சென்சாரின் விகித உச்சம் குறைந்த வெப்பத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாயுவுக்கு 10 லிட்டர் மூடிய கலனில் சிரிஞ்சால் 10 மில்லி எல்பிஜி போதும். அது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு). எரியக்கூடிய கீழ் எல்லை சுமார் 18,000 பிபிஎம். உள்ளே ஹீட்டர் எரிவதால், ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

ஒவ்வொரு அளவீட்டோடும் ஈரப்பதத்தையும் குறியுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் டின் ஆக்சைடின்மேல் நீராவி ஒட்டி, காற்றில் உள்ள மின்தடையே இறங்கிவிடும். சித்திரையில் எடுத்த எண்ணோடு அதை ஒப்பிட முடியாது; இரண்டு சென்சாரையும் ஒரே நாளில், ஒரே கலனில் அளந்துவிடுங்கள். கலனின் மூடியைச் சிலிக்கோன் பசையால் அடைக்காதீர்கள், அதன் ஆவி பல்லேடியத்தைச் செயலிழக்க வைத்துவிடும்.