ஹெட் வேலை: பவர் போவது எங்கே?

சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றத்தில் இரண்டு பேரோடு வரும்போது பைக் இழுக்கவில்லை என்று இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுகிறவர்கள், முதலில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்டேக் போர்ட்டைத்தான் குடைகிறார்கள். ஓட்டை பெரிதானால் காற்றின் வேகம் குறையும். உச்ச ஆர்பிஎம்மில் ஏதோ கொஞ்சம் கிடைக்கலாம்; ஏற்றத்துக்கு வேண்டிய 3,000, 4,000 ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். எடுத்த அலுமினியத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது. வார்ப்புப் பிசிறையும் வால்வு உட்காரும் வளையமான சீட்டுக்கு அடியில் உள்ள படியையும் நீவினாலே போதும். கார்புரேட்டர் வண்டிக்கு இன்டேக்கைக் கண்ணாடி மாதிரி பாலீஷ் போடாதீர்கள், பெட்ரோல் சுவரில் படியும். 80 நம்பர் எமரியோடு நிறுத்துங்கள். பளபளப்பு, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டுக்கு இருக்கட்டும்.

உண்மையில் காசு கரையும் இடம் சீட். வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடு தேய்ந்திருக்க, சீட்டை மட்டும் வெட்டித் தருவது பட்டறைகளில் சகஜம். கட்டருக்கு மையம் கொடுப்பதே கைடுதான். அது ஆடினால் சீட் வட்டமாக வராது. எனவே கைடு மாற்றி, ரீமர் ஓட்டித் துளையை அளவுக்குக் கொண்டுவந்து, அதன்பிறகே சீட். 30, 45, 60 டிகிரி என மூன்று கோணத்தில் வெட்டி, வால்வு உட்காரும் 45 டிகிரி பட்டையை இன்டேக்கில் 1 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 1.5 மி.மீ. அளவில் வையுங்கள். எக்ஸாஸ்ட் வால்வின் சூடு பெரும்பாலும் சீட் வழியாகத்தான் இறங்குகிறது. 'ரேஸ் வேலை' என்று அந்தப் பட்டையையும் மெல்லிசாக்கினால் வால்வு கருகும்.

அடுத்தது ஹெட் ஃபேசிங், அதாவது ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவுவது. 57 மி.மீ. போர், 150 சிசி, 9.5 கம்ப்ரஷன் (கலவை எத்தனை மடங்கு நெரிக்கப்படுகிறது என்ற விகிதம்) உள்ள இன்ஜினில் 0.5 மி.மீ. சீவினால் கம்ப்ரஷன் 10-ஐத் தாண்டும். சாதா பெட்ரோலில், சித்திரை வெயிலில், ஏற்றத்தில் நாக்கிங் எனும் தட்டல் சத்தம் கேட்கலாம். ஓவர்ஹெட் கேம் (வால்வைத் திறக்கும் கேம் ஹெட்டிலேயே இருப்பது) வண்டியில் செயின் தூரம் குறைவதால் கேம் டைமிங்கும் சற்றுப் பின்வாங்கும். இதை யாரும் சொல்வதில்லை.

சீவிய பிறகோ பெரிய கேம் போட்ட பிறகோ பிஸ்டன் தலையில் எண்ணெய் தடவிய கிளே (பிசையும் களிமண்) வைத்து, பழைய கேஸ்கட்டோடு போல்ட்டை முறையாக டார்க் செய்து, டேப்பட் (வால்வுத் தண்டுக்கு மேலுள்ள இடைவெளி) வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கழற்றி, கிளேயின் மெல்லிய இடத்தை வெட்டி அளந்தால் இன்டேக்கில் 1.5, எக்ஸாஸ்ட்டில் 2 மி.மீ.யாவது இருக்க வேண்டும். குறைந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம்.

வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருத்தப் போட்ட பேஸ்ட்டை மண்ணெண்ணெயில் கழுவி, கைடுக்குள்ளும் பிரஷ் விடுங்கள். பிறகு வால்வை ஸ்பிரிங்கோடு பூட்டி போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். சேம்பர் (பெட்ரோல் எரியும் அறை) பக்கம் ஈரம் தெரிந்தால் ஹெட்டை ஏற்றாதீர்கள். சீட் வெட்டியதில் வால்வு உள்ளே இறங்கி, தண்டு மேலே எழும்பியிருக்கும். பழைய டேப்பட் அளவில் விட்டால் வால்வு முழுசாக மூடாது. இன்ஜின் ஆறியபின் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போட்டு, அந்த வண்டியின் மேனுவல் அளவுக்குப் புதிதாக வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை.