கிராண்ட் வேணும்னா மொதல்ல செவத்த தொடாதீங்க

பினாங்கு ஜார்ஜ்டவுன்ல பழைய கடைவீடு, மடம், சங்க கட்டடம்னு வச்சிருக்கவங்க நெறைய பேரு கட்டடத்த பழுது பாக்க குடுக்கற உதவித்தொகை, அதான் கிராண்ட், அதுக்கு எப்படி எழுதறதுன்னு கேக்கறாங்க, எழுதறது அப்புறம் லா, மொதல்ல பெயிண்ட் டப்பாவ மூடி வைங்க.

எங்க கமிட்டி பண்ண கூத்த சொல்றேன். ஆபிசர் பாக்க வராங்கன்னு ஒருத்தர் ஆர்வக்கோளாறுல, உப்பு பூத்து உதிர்ந்த செவத்துக்கு சிமெண்ட் பூசி, மேல பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சு பளபளன்னு ஆக்கிட்டாரு. வந்தவங்க கார் சாவியால ஒரு மூலைய சொரண்டி பாத்துட்டு, பழைய போட்டோ இருக்கான்னு கேட்டாங்க, இல்ல, அவ்வளவுதான், பைல் திரும்பி வந்துடுச்சு. நாலு மாசத்துல பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா கெளம்பிடுச்சு.

ஏன்னா அந்த காலத்து செவரு செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலருந்து ஏறுற ஈரத்த சுண்ணாம்பு வெளிய விட்டுடும், சிமெண்ட் அடைச்சு வச்சிடும், ஈரம் இன்னும் மேல ஏறி உப்பு காய்ஞ்சு செங்கல்லையே மாவாக்கிடும். இத புரிஞ்சவங்களா நீங்கன்னுதான் விண்ணப்ப பாரத்த படிக்கறவங்க பாப்பாங்க, நம்ம முப்பாட்டன் கட்டுனதுன்னு ரெண்டு பக்கம் உருகி எழுதுறத விட இது முக்கியம்.

அடுத்து எடம். 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த பகுதியில உங்க எடம் கோர் ஸோனா (நடு பகுதி) பஃபர் ஸோனா (அத சுத்தி இருக்கற பகுதி), கட்டடம் எந்த கேட்டகரின்னு எம்பிபிபி-ல, அதான் பினாங்கு தீவு மாநகராட்சியில கேட்டுக்குங்க, ஓடு மாத்தறதா இருந்தாலும் பெர்மிட் வேணுமான்னு அப்பவே கேட்டுடுங்க. ஜார்ஜ்டவுன் வேர்ல்ட் ஹெரிடேஜ் ஆபிஸ்லயும், நகர புதுப்பிப்பு வேல பாக்கற திங்க் சிட்டியிலயும் இப்ப எந்த கிராண்ட் தெறந்திருக்குன்னு விசாரிங்க, வருஷத்துக்கு வருஷம் மாறும். திங்க் சிட்டி 2009-ல இங்க ஆரம்பிச்சது மேட்சிங் கிராண்ட், அதாவது நாம ஒரு பங்கு போட்டாதான் அவங்க ஒரு பங்கு போட்டாங்க. நெறைய கிராண்ட்ல வேல முடிச்சு ரசீது காட்டுனாதான் காசு வரும், அதனால கையில ரொக்கம் இல்லாம எறங்காதீங்க.

கிரான்ல, அதான் நெலப் பட்டாவுல, ஏழு பேரு பேர் இருந்து அதுல ரெண்டு பேரு ராம்நாட்ல இருந்தா, கையெழுத்து வாங்கற வேலைய இன்னிக்கே ஆரம்பிங்க. சத்தியமா சொல்றேன், கூரைய மாத்தறத விட இதுக்குத்தான் நாளாகும்.

கொட்டேஷன்ல 'ரினோவேஷன், மொத்தம் இவ்வளவு'ன்னு ஒத்த வரி இருந்தா கொன்ட்ராக்டர்கிட்டயே திருப்பி குடுங்க. சுண்ணாம்பு பூச்சு எத்தன சதுர அடி, ஓடு எத்தன, உத்தரம் எத்தனன்னு தனித்தனியா வேணும், அதுவும் ரெண்டு மூணு பேர்கிட்ட வாங்குங்க.

தோண்டும்போது பழைய பீங்கான், காசு, செங்கல் அடித்தளம்னு ஏதாவது வந்தா வேலைய நிறுத்துங்க. 2005 தேசிய பாரம்பரிய சட்டப்படி, மாவட்ட அதிகாரிகிட்டயோ ஜாபாத்தான் வாரிசான் நெகாராகிட்டயோ (தேசிய பாரம்பரிய துறை) ஒடனே சொல்லணும். கெடா பூஜாங் பள்ளத்தாக்குல 2013-ல ஒரு சண்டிய (பழங்கால கோயில் இடிபாடு) இடிச்சு தள்ளுனப்புறம் ஊரே கத்துச்சு, இடிச்சது இடிச்சதுதான்.

போட்டோ எடுக்கும்போது செவத்துல அளவு டேப் ஒட்டி, தேதி எழுதுன துண்டு சீட்டு வச்சு எடுங்க. வேல நடக்கும்போதும் முடிஞ்சப்புறமும் அதே எடத்துல நின்னு எடுக்கணும், அதுக்கு தரையில சாக்பீஸ்ல ஒரு குறி போட்டுக்குங்க. காத்து கெணறு (வீட்டு நடுவுல காத்தும் வெளிச்சமும் வர தெறந்த எடம்) பக்கமும் படிக்கட்டு அடியிலயும் எடுக்க மறந்துடாதீங்க, ஆபிசர் டார்ச்சோட மொதல்ல குனியறது அங்கதான்.