ஐப்பசியில் தேனீப் பெட்டி வாங்காதீர்கள்

என் முதல் இரண்டு தேனீப் பெட்டிகள் புரட்டாசிக் கடைசியில் டெம்போவில் வந்து இறங்கின. காடாம்புலியூர் பக்கம் செம்மண் மேட்டில் எங்களுக்குக் கொஞ்சம் முந்திரிக்காடு உண்டு. விற்றவர், "வச்சிட்டா போதும், ஒரே மாசத்துல தேன் எடுக்கலாம்" என்றார். தீபாவளியை ஒட்டி நாலு நாள் அடைமழை. மழை விட்டதும் போய்த் திறந்தால் பெட்டி காலி. செத்த தேனீ நாலைந்துகூட இல்லை. அடையில் ஒரு சொட்டுத் தேன் இல்லை, புழுவும் இல்லை. பக்கத்துத் தோப்புப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சோறு இல்லாத வூட்ல எவன் தம்பி குடியிருப்பான்?" என்று கேட்டார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். நாம் பெட்டியைப் பார்க்கிறோம், வெளியே பூ இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் தேனீக்கு நல்ல காலம் தை பிறந்த பிறகுதான். முந்திரி தையில் பூக்கத் தொடங்கி பங்குனி வரை ஓடும். அது முடியும்போது வேம்பும் புங்கும் வரும். தென்னை வருஷம் முழுக்க மகரந்தம் தரும், ஆனால் அதை மட்டும் நம்பிப் பெட்டி நிறையாது. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்குப் போய்விடும். தேனீ வெளியே போக முடியாது, போனாலும் கொண்டுவர ஒன்றும் இருக்காது. நான் வாங்கிய மாதம் சரியாக அதற்கு முந்தியது.

பெட்டிகள் பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருகின்றன. அங்கே உள்ளவர்கள் தேனீ வளர்ப்பில் கைதேர்ந்தவர்கள், பெட்டியைக் கையாள அவர்களிடம் கற்பது நல்லது. காலண்டரை மட்டும் கடன் வாங்கக் கூடாது. அங்கே ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது இலைக்காம்பிலேயே இனிப்பு நீர் சுரக்கும். தேனீக்குப் பூவே தேவைப்படாது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மார்கழிக் கடைசியில் பெட்டி வந்து இறங்கினால், தேனீக் குடும்பம் இடத்துக்குப் பழகும் நேரத்தில் முந்திரி பூத்திருக்கும்.

எந்தத் தேனீ என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். மரப்பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் நம் இந்தியத் தேனீ போதும். இத்தாலியத் தேனீ கூடுதலாகத் தேன் தரும் என்பது உண்மை. ஆனால் பூ இருக்கும் ஊராகப் பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு அலைபவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்கவே முடியாது. புதுச்சேரியில் மாடி வீட்டில் இருப்பவர்கள் கொட்டாத கொசுத்தேனீயில் தொடங்கலாம். தேன் கொஞ்சம்தான் கிடைக்கும், அக்கம்பக்கத்தில் சண்டை வராது.

செலவு மிச்சம் என்று உள்ளூர் ஆசாரியிடம் பெட்டி செய்யச் சொல்வது அடுத்த தவறு. ஆசாரி மேல் குற்றமில்லை. நூறு வருஷத்துக்கு முன் திருச்சிப் பக்கம் நியூட்டன் பாதிரியார் நம் தேனீக்கென்றே வடிவமைத்த பெட்டிதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் தேனீ அடை கட்ட உள்ளே தொங்கவிடும் மரச்சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஏழெட்டு மில்லிமீட்டர்தான் விடுவார்கள். அந்தச் சந்து பெரிதானால் தேனீ அங்கேயும் அடை கட்டிவிடும். பிறகு ஒரு சட்டத்தைத் தூக்கினால் மூன்று அடை பிய்ந்து வரும். ஆசாரியிடம் கொடுப்பதென்றால் நல்ல பெட்டி ஒன்றை மாதிரிக்குக் கொடுங்கள்.

ஒரே ஒரு பெட்டியோடும் தொடங்காதீர்கள். இரண்டு இருந்தால்தான் எது சுணங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒன்றில் ராணி செத்துவிட்டால், மற்றதிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து வைக்கலாம். அந்தப் புழுவிலிருந்து புது ராணியை அவையே உருவாக்கிக்கொள்ளும். ஒற்றைப் பெட்டிக்காரருக்கு அந்த வழி இல்லை.

எறும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நான் மூன்றாவது பெட்டியை இழந்தது அதனால்தான். பெட்டி வைக்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் செய்தேன். ஆனால் முந்திரிக்காட்டில் இருப்பது முசுறு. இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்பு தரை வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. ஒரு கிளை காற்றில் ஆடிப் பெட்டி மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது போதும் அதற்கு. பெட்டியைச் சுற்றி ஒரு முழத்துக்கு எந்தக் கிளையும் புல்லும் தொடாமல் வெட்டிவிடுங்கள். சித்திரை வெயிலில் கிண்ணத்துத் தண்ணீர் இரண்டே நாளில் வற்றும். கொசு முட்டையிடாமல் இருக்க நாலு சொட்டுக் கழிவு எண்ணெய் விடலாம். தேனீ குடிக்க வேறு தண்ணீர் வையுங்கள்: அகலமான மண்சட்டி, அதில் உட்கார்ந்து குடிக்கக் கூழாங்கல். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குப் போகும், புகார் உங்களுக்கு வரும்.

பெட்டிக்கு நிழல் வேண்டும், பலா மரத்தடி ரொம்ப நல்லது. மழைக்காலத்தில் பெட்டியை ஸ்டாண்டோடு கயிறு போட்டுக் கட்டி, மூடிமேல் கல் வையுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எங்கள் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

மருந்து அடிப்பதுதான் பெரிய தலைவலி. முந்திரி பூக்கும்போதுதான் தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியும் வரும். அதற்கு அடிக்கும் மருந்து தேனீயையும் கொல்லும். பக்கத்துத் தோப்புக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் முன்கூட்டியே பேசுங்கள். "சாயங்காலமா அடிங்கண்ணே, முதல் நாளே ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க" என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். தேனீ வந்தால் காய்ப்பு கூடும் என்பது அவர்களுக்கும் தெரியும். தகவல் வந்தால் இரவே வாசலைக் காற்று போகும்படி வலை வைத்து அடைத்து, பெட்டிமேல் ஈரச்சாக்கு போட்டு, ஒரு நாள் வைத்திருந்து திறக்கலாம். அதற்கு மேல் வைத்தால் வெக்கையில் செத்துப்போகும்.

தினமும் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், நிதானமாகப் பார்த்தால் போதும். செண்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கொட்டினால் கொடுக்கைக் கிள்ளி எடுக்காமல் நகத்தால் சுரண்டித் தள்ளுங்கள். உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனை. திறக்கும்போது புழுக்களையும் கவனியுங்கள். அடையின் அறைக்குள் புழுக்கள் நிமிர்ந்த வாக்கில், தண்ணீர்ப் பை மாதிரி செத்துக் கிடந்தால் அது தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியத் தேனீ வளர்ப்பையே அது கவிழ்த்துப் போட்டது. அந்தச் சட்டத்தை மற்றப் பெட்டிக்கு மாற்றவே கூடாது. விருத்தாசலத்திலும் புதுச்சேரி குரும்பாபேட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, அங்கே காட்டிக் கேளுங்கள்.

பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு கொடுத்தே ஆக வேண்டும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, காய்ச்சி ஆறவைத்து, பொழுது சாய்ந்த பிறகு. பகலில் கொடுத்தால் அடுத்த பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். வெல்லப்பாகு வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். முந்திரி பூத்ததும் பாகை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் ஊற்றினால் அடையில் சேர்வது சர்க்கரைதான். அதைத் தேன் என்று விற்பதற்கு வேறு பெயர் உண்டு.

தேன் எடுக்கும் அவசரமும் அப்படித்தான். அடையில் உள்ள சின்னச் சின்ன அறைகள் முக்கால்வாசியாவது மெழுகால் மூடியிருக்க வேண்டும். மூடாததை எடுத்தால் தண்ணீர் அதிகம், பாட்டிலிலேயே நுரைத்துப் புளிக்கும். பெட்டியின் மேல்தட்டான தேன் அறையில் மட்டும் எடுங்கள், கீழ்த்தட்டான புழு அறையில் இருப்பது அவற்றின் சாப்பாடு. இந்தியத் தேனீப் பெட்டியில் வருஷத்துக்கு 6 முதல் 8 கிலோ வந்தாலே சராசரி. லட்சக்கணக்கில் வருமானம் என்று வீடியோ போடுபவர்கள் பெரும்பாலும் பெட்டி விற்பவர்கள்.

கடைசியாக, தேன் உறைந்தால் பதறாதீர்கள். வாங்கியவர், "அடியில சர்க்கரை நிக்குது" என்று பாட்டிலோடு திரும்ப வருவார். எனக்கு முதல் வருஷம் மூன்று பாட்டில் அப்படித் திரும்பியது. நல்ல தேனும் உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் இளகிவிடும். இப்போதெல்லாம் காசு வாங்குமுன்பே இதைச் சொல்லிவிட்டுத்தான் பாட்டிலைக் கையில் கொடுக்கிறேன்.