விசிறி வாங்குமுன் கூரையைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் பிறந்து, கடற்காற்று ஓய்ந்த இரவுகளில் புழுக்கம் தாங்கமுடியாமல் போகும்போதுதான் சீலிங் ஃபேனைப் பற்றிய நினைப்பே நமக்கு வருகிறது. நிறத்தையும் இறக்கையின் அழகையும் பார்த்து வாங்கி வந்துவிட்டு, எதில் மாட்டுவது என்று பிறகு அண்ணாந்து பார்க்கிறோம். முதல் தவறு அதுவே.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள என் அக்கா வீட்டில், விசிறி மாட்டிய ஒரே மாதத்தில் தலையணைமேல் வெள்ளைத் தூள் உதிரத் தொடங்கியது. விசிறியின் பிடிப்பை மூடியிருக்கும் மேல் கிண்ணத்தை இறக்கிப் பார்த்தபோது, நான்கு திருகாணிகளும் வெறும் ஜிப்சம் பலகையில் ஏறியிருந்தன. அவற்றைச் சுற்றி முடியிழை போல ஒரு விரிசல் வளையமாக ஓடியிருந்தது. நான்கைந்து கிலோ எடையுடன் ஓயாமல் அதிரும் ஒன்றை அந்தப் பலகையும் தாங்காது, அதைப் பிடித்திருக்கும் மெல்லிய சட்டமும் தாங்காது. உட்கூரைக்கு மேலே ஏறி, இரண்டு உத்தரங்களுக்கிடையே கனமான மரத்துண்டைக் குறுக்கே பூட்டி, அதில்தான் விசிறியின் பிடிப்பைப் பொருத்த வேண்டும். வீடு பழையதாக இருந்து, கூரைப் பலகை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்ற ஐயம் எழுந்தால், அதில் துளையிடவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

இறக்கைகள் தரையிலிருந்து குறைந்தது 2.1 மீட்டர் உயரத்தில் சுழல வேண்டும் என்பதால், 2.4 மீட்டரே உயரமுள்ள அறைக்கு நீளமான தொங்கு குழாய் உதவாது. அதே சமயம் கூரையோடு மிகவும் ஒட்டிவிட்டால் காற்று கீழே இறங்காது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 1200 மில்லிமீட்டர் விசிறி போதும்.

விளக்கொளியைக் குறைக்கும் டிம்மரையே ரெகுலேட்டராகப் பயன்படுத்துவோரும் உண்டு. மோட்டார் முனகிச் சூடேறும். மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரை நம்பியிருப்பவர்கள், சாதாரண விசிறி சுமார் 75 வாட் இழுக்கும்போது ஏறக்குறைய 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார்) விசிறியையே வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

மின் இணைப்பைப் பதிவுபெற்ற மின்பணியாளரிடம் ஒப்படைத்து, வேலை விதிப்படி நடந்தது என்று காட்டும் இணக்கச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். வீட்டை விற்கும் நாளில் அது கட்டாயம் தேவைப்படும். அவர் மேல் கிண்ணத்தை ஏற்றி மூடுவதற்கு முன், தொங்கு குழாயைத் தாங்கும் ஆணியின் நுனியில் ஸ்பிளிட் பின் (ஆணி கழன்றுவிடாமல் காக்கும் இருகால் கம்பி) செருகப்பட்டு, அதன் இரு கால்களும் விரித்து மடக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஏணியில் ஏறி நீங்களே பாருங்கள்.