மேய்ச்சல் நிலத்தில் கூட்டுச் சோதனை: யார் எதைச் செய்வது, எப்படி அளப்பது

கடலூர், பண்ருட்டி பக்கத்துச் செம்மண் மானாவாரியில் கொழுக்கட்டைப் புல்லைத் தனியாகப் போடுவதா, முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனப்பயிரோடு கலந்து போடுவதா? விவசாயியும் விஞ்ஞானியும் சேர்ந்து செய்யும் கூட்டுச் சோதனைக்கு இப்படி ஒரே ஒரு கேள்வி போதும். அதைக் கேட்பவர் மாடு வைத்திருப்பவராக இருக்கட்டும். புல்லையும் உரத்தையும் ஒரே பருவத்தில் மாற்றிவிட்டால், விளைச்சல் எதனால் கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

விதை வாங்கவும் வழிமுறை கேட்கவும் விருத்தாசலத்திலோ, புதுவை குரும்பாபேட்டிலோ உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. விதைப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: விதைச் செலவு யாருடையது, களை எடுப்பவர் யார், நிறுக்கும்போது யார் யார் இருக்க வேண்டும், பயிர் பொய்த்தால் நட்டம் யாருக்கு. நோட்டு விவசாயி வீட்டிலேயே இருக்கட்டும். விஞ்ஞானி போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும். நோட்டு ஆபீசுக்குப் போய்விட்டால் திரும்பி வருவது அரிது.

நிலம் 10 செண்ட், ஐந்து ஐந்து செண்டாக இரண்டு பாத்தி. சரிவு இருந்தால் மேட்டுப் பகுதியும் பள்ளமும் இரண்டு பாத்திக்கும் சமமாக வர வேண்டும். முந்திரி நிழல் விழும் இடம் வேண்டாம். ஒரு பாத்தியில் புல் விதை 160 கிராம். மற்றதில் புல் 120 கிராம், முயல் மசால் 50 கிராம். மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை மசால். மசால் விதையை 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து எடுக்காவிட்டால் கடினத்தோல் இளகாது. அறுத்த கையோடு கொண்டுவந்த கொழுக்கட்டை விதையும் சரியாக முளைக்காது. ஆறேழு மாதமாவது இருப்பு வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். விதை ஆழமாகப் போகக் கூடாது, மேலாக மண் மூடினால் போதும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே முளைத்து வேர் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். முதல் இரண்டு மாதம் மசால் மெதுவாகத்தான் வளரும். களை அதை அமுக்குவது அப்போதுதான். களைக்கூலியையும் நோட்டில் ஏற்றுங்கள், பல சோதனைகளில் விடுபடுவது இதுதான்.

முதல் அறுவடை 75 நாளில். அரை இஞ்ச் பிளாஸ்டிக் பைப், நாலு எல்போ கொண்டு உள்ளளவு ஒரு மீட்டர் வரும்படி சதுரச் சட்டம் செய்யுங்கள். வரப்போரம் ஒரு மீட்டர் விட்டு, பாத்திக்கு நாலு இடத்தில், பார்த்து வைக்காமல் முதுகுப்புறமாக எறியுங்கள். கண்ணால் பார்த்து வைத்தால் கை செழித்த இடத்துக்கே போகும். பனி ஈரம் காய்ந்த பிறகு, தரையிலிருந்து 10 செ.மீ. விட்டு அறுத்து, புல்லையும் மசாலையும் பிரித்து அங்கேயே நிறுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தால் வாடி எடை குறையும். நாலும் சேர்ந்து 4.8 கிலோ என்றால் சதுர மீட்டருக்குச் சராசரி 1.2. ஒரு செண்ட் சுமார் 40 சதுர மீட்டர், அதனால் 40-ஆல் பெருக்க, செண்டுக்கு 48 கிலோ. ஆடு புகுந்து மேய்ந்திருந்தால் அதையும் தேதியோடு எழுதுங்கள்.

இந்த ஐந்து செண்ட் பாத்தியை வைத்துப் பாலை அளக்க ஆசைப்பட வேண்டாம். ஒரு மாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தீனிக்கே சரியாகிவிடும். பால் பார்க்க வேண்டுமென்றால் பரப்பைக் கூட்டிய பிறகு, பாதி மாடுகளுக்கு முதலில் கலப்புத் தீனி, மீதிக்குத் தனிப்புல், பிறகு மாற்றிக் கொடுங்கள். கன்று ஈன்று நாளாக ஆகப் பால் தானே குறையும். மாற்றாமல் விட்டால் அந்தக் குறைவைத் தீனியின் தலையில் கட்டிவிடுவோம். தீனி மாற்றிய முதல் 10 நாள் அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொழுப்பும் எஸ்.என்.எஃப்-உம் (பாலில் கொழுப்பு நீங்கிய திடப்பொருள்) பால் சொசைட்டி சீட்டிலிருந்தே எடுக்கலாம், அந்த மாட்டுப் பாலைத் தனியாகச் சோதித்துத் தந்தால் மட்டும்.