ஐம்பதைத் தாண்டியவர் செகண்ட் ஹேண்ட் நிஞ்சா 1000 வாங்குவது எப்படி?

முப்பது வருஷம் ஆர்.எக்ஸ்.100, புல்லட் என்று ஓட்டியவருக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பெரிய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குவது வேறு வித்தை. அதில் பழக்கம் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஸ்போர்ட் டூரிங் பைக் என்றால் பந்தய வண்டிக்கு நெருக்கமான இன்ஜினும் பிரேக்கும் இருக்கும். ஆனால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி உண்டு, பக்கவாட்டில் பெட்டி மாட்டலாம். இங்கே கவாசாகி நிஞ்சா 1000-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1,043 சிசி, நான்கு சிலிண்டர், 19 லிட்டர் டேங்க்.

படி 1: முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள்

வண்டி ஏறத்தாழ 235 கிலோ. புல்லட்டைவிட நாற்பது கிலோ கூடுதல். ஓடும்போது இந்தக் கனம் தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும். அதனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். இடுப்பு பிடித்தால் அங்கேயே முடிவெடுத்துவிடலாம். உங்கள் வீட்டு வாசல் சரிவாக இருந்தால் இது இன்னும் முக்கியம்.

அடுத்து இருபது நிமிஷம் சீட்டில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் ஊன்றுகிறதா? முட்டி மடங்கியே இருப்பது வலிக்கிறதா? பக்கப் பெட்டி மாட்டியிருந்தால் காலைத் தூக்கிப் போட முடிகிறதா? மனைவியும் கூட வருவார் என்றால் அவரையும் அழைத்துப்போய்ப் பின்சீட்டில் உட்காரவையுங்கள். அவருக்குச் சரிப்படவில்லை என்றால் வண்டி ஷெட்டில்தான் நிற்கும்.

எந்த வருஷத்து வண்டி என்பதும் உடம்போடு சேர்ந்த விஷயம். 2014 மாடலில்தான், பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வந்தது. பின் சஸ்பென்ஷனை ஸ்பேனர் இல்லாமல் கையால் திருகிக் கூட்டும் குமிழும் அதே மாடலில் வந்ததுதான். 2020-இல் வந்த நிஞ்சா 1000எஸ்எக்ஸில் க்ரூஸ் கன்ட்ரோல் உண்டு, அதாவது ஆக்சிலேட்டரைப் பிடிக்காமலே வண்டி ஒரே வேகத்தில் போகும். நாலு வழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் தாண்டியதும் மணிக்கட்டு மரத்துப்போகிறவர்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் இதையே தேடலாம் என்பது என் கருத்து.

படி 2: வண்டிக்கு முன் காகிதம்

போன் செய்யும்போதே வண்டி நம்பர் கேளுங்கள். எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, பேங்க் கடன் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடன் இருந்தால் ஹெச்.பி. (ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவு) கேன்சல் ஆகும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். புதுச்சேரி, கர்நாடகா நம்பர் வண்டி மலிவாகத் தெரியும். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

படி 3: இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்

நான் முதலில் பார்க்கப்போன வண்டியில் இன்ஜின் சூடாக இருந்தது. "இப்பதான் வாட்டர் வாஷ் பண்ணிட்டு வந்தேன் சார்" என்றார் விற்றவர். பளபளப்பில் மயங்கி முன்பணம் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் ஸ்டார்ட் செய்தால், உள்ளே டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போல, இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் தளர்ந்துபோன சத்தம். அரை நிமிஷத்தில் அடங்கிவிட்டது. சூடான இன்ஜினில் அது கேட்கவே கேட்காது. முன்பணம் போனது போனதுதான்.

அதனால் முதல் நாளே, "காலையில் வருகிறேன், ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் கவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

படி 4: கையால் தொட்டுப் பாருங்கள்

முன் ஃபோர்க்கில் வெள்ளைத் துணியைச் சுற்றி, பிரேக்கைப் பிடித்தபடி ஐந்தாறு தடவை அமுக்குங்கள். துணியில் எண்ணெய் வளையம் விழுந்தால் ஆயில் சீல் போய்விட்டது. சீல் பெரிய செலவில்லை. ஆனால் ஒழுகும் எண்ணெய் பிரேக் பேடில் படும்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்க நடுவில் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் செட் மாற்ற வேண்டும்.

டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் நிறைய இருந்தாலும் ஏழெட்டு வருஷ டயரை நம்பி மலை ஏறாதீர்கள். பின் டயர் 190 அளவு. ஜோடி மாற்ற நல்ல செலவு ஆகும். இதைக் காட்டியே விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

விழுந்த வண்டியா என்று பார்க்க ஃபேரிங்கை (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையை) பார்த்துப் பயனில்லை, பெயின்ட் அடித்திருப்பார்கள். லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, ஹேண்டில்பார் முனை, இன்ஜின் கவரின் அடிப்பக்கம், இவற்றைத் தடவுங்கள். கடைசியாக ஹேண்டிலை முழுக்க ஒடித்து, ஃபிரேமில் அது முட்டி நிற்கும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே நசுங்கியிருந்தால் பலமாக அடிபட்ட வண்டி, தொடாதீர்கள். அங்கேயே பக்கத்தில் சேஸிஸ் நம்பரும் இருக்கும். ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள்.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

உங்கள் ஹெல்மெட், உங்கள் ஷூ. டாப் கியரில் அறுபதில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகுங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இரண்டாவது கியரில் இழுக்கும்போது கியர் தானாக நழுவினால் அந்த வண்டி வேண்டாம், கியர்பாக்ஸைப் பிரிக்கும் செலவு தாங்காது. திரும்பி வந்து நிறுத்தாமல் ஐடிலிங்கில் விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

படி 6: பெயர் மாற்றம்

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவர் என்ன சொன்னாலும் இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றிவிடுங்கள்.

முதல் வாரம் காலியான மைதானத்தில் யூ-டர்ன், திடீர் பிரேக் இரண்டையும் தினம் அரை மணி நேரம் பழகுங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அதற்கடுத்த ஞாயிறு போகலாம்.