ஒன்றரை ஷிப்ட் முடிந்து வரும் அம்மா அப்பாவுக்கு

“நாங்களே அஞ்சாவது தாண்டலைங்க டீச்சர், பாப்பாவுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கறது?”

திருப்பூரில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் 22 வருடமாக இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் எடுக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேட்பவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேர ராத்திரி எட்டரை ஆகிவிடும். அவர்களிடம் வாசலில் நின்று சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாடம் சொல்லிக் கொடுப்பது என் வேலை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களிடம் நான் கேட்பது இருபது நிமிடமும், ஒரு காதும், இரண்டு கண்ணும்தான்.

அந்த இருபது நிமிடத்துக்குத் தனியாக நேரம் தேட வேண்டாம். சோறு வேகிற நேரம் போதும். பிள்ளையை அடுப்படியில் பக்கத்தில் உட்காரவைத்து, அன்று நடந்த தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லிலும் விரல் வைத்து வாசிக்க வேண்டும். உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் விரல் நகர்வது தெரியும் அல்லவா? வாய் ஓடிக்கொண்டே இருக்க, விரல் பின்னால் எங்கோ நின்றால், பிள்ளை வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறது. வகுப்பில் நாற்பது பேரும் சேர்ந்து சொல்லும்போது பாட்டும் பாடமும் காது வழியாகவே ஏறிவிடும். அதை வாசிப்பு என்று நம்பித்தான் பல வீடுகளில் மூன்றாம் வகுப்பு வரை நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

சந்தேகமாக இருந்தால் கடைசி வரியில் ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்ன சாமி?” என்று கேளுங்கள். அப்புறம், “இதே சொல் இந்தப் பக்கத்துல வேற எங்க இருக்கு, கண்டுபிடி” என்று சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் எழுத்தின் வடிவம் ஒன்றுதானா என்று பார்க்க நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை. செக்கிங்கில் ஒரு தையல் விலகினாலே கண்டுபிடிக்கிற கண் உங்களுடையது.

தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கொ, கோ, மொ, மோ போன்ற எழுத்துகள். கொம்பை முன்னால் எழுதுகிறோம், ஆனால் அதன் ஒலி எழுத்துக்குப் பிறகுதான் வருகிறது. கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் ஒரு கால், மூன்றையும் கண்ணால் சேர்த்துப் பிடித்து ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும். ஏழு வயதுக்கு இது பெரிய வேலை. அதனால்தான் ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என்று வாசித்துவிட்டு நிற்பார்கள். மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். உடனே எடுத்தும் கொடுக்காதீர்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் நான்கு வருவதற்குள் பிள்ளையே சொல்லிவிடும். வரவில்லை என்றால் அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள், மறுநாள் நான் பார்த்துக்கொள்கிறேன். “இது கூடத் தெரியாதா” என்ற ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம். அதைக் கேட்ட பிள்ளையின் விரல் அந்த இடத்திலேயே நின்றுவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசுகிற குடும்பங்கள் நிறைய. இப்போது இந்தி, ஒடியா பேசுகிறவர்களும் வந்திருக்கிறார்கள். பள்ளிக்காக வீட்டுப் பேச்சை மாற்ற வேண்டாம். உங்கள் மொழியில் கதை கேட்டு வளர்கிற பிள்ளைக்குத் தமிழும் நன்றாக வரும்.

கணக்குக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் தவறவிடுவது கடன் வாங்கிக் கழிப்பது. 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டால் 35 என்று எழுதுவார்கள். எப்படி? 2-இல் 7 போகாது. ஆனால் 7-இல் 2 போகும் இல்லையா? மாற்றிக் கழித்து 5 என்று போட்டுவிட்டு, 5-இல் 2 போக 3 என்று பக்கத்தில் எழுதிவிடுவார்கள். பத்துத் தரம் இம்போசிஷன் எழுதினாலும் இந்தத் தவறு போகாது, ஏனென்றால் ‘கடன் வாங்குவது’ என்றால் என்ன நடக்கிறது என்று பிள்ளை கண்ணால் பார்த்ததில்லை.

இதை நீங்கள் என்னைவிட நன்றாகக் காட்டலாம். கம்பெனியில் பீஸ்களை எண்ணிக் கட்டுப் போடுகிற கை உங்களுடையது. ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக ஒடித்து அறுபது எழுபது எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக எண்ணி, பனியன் வேஸ்ட் துணியைக் கீற்றாகக் கிழித்துக் கட்டச் சொல்லுங்கள். பிள்ளைதான் எண்ண வேண்டும், பிள்ளைதான் கட்ட வேண்டும். இப்போது 52 என்றால் ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. “எனக்கு இருபத்தேழு குச்சி கொடு கண்ணு” என்று கையை நீட்டுங்கள். முதலில் ஏழு உதிரி கேளுங்கள். அதனிடம் இரண்டுதான் இருக்கிறது. முழிக்கும், உங்கள் முகத்தைப் பார்க்கும். பேசாமல் இருங்கள். கொஞ்ச நேரத்தில் அதன் கை தானாக ஒரு கட்டை அவிழ்க்கும். அந்த அவிழ்ப்புதான் கடன் வாங்குவது. இப்போது கட்டு நான்கு, உதிரி பன்னிரண்டு. ஏழைக் கொடுத்தால் மிச்சம் ஐந்து, இரண்டு கட்டைக் கொடுத்தால் மிச்சம் இரண்டு. இருபத்தைந்து. ஒரு வாரம் குச்சியிலேயே செய்யட்டும், பிறகு நோட்டில் போடட்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போவீர்கள். காய்கறிப் பட்டியலைப் பிள்ளை எழுதட்டும், மீதிச் சில்லறையையும் அதுவே எண்ணி வாங்கட்டும்.

அடுத்ததை மிகவும் கவனமாகப் படியுங்கள். ஊரடங்குக்குப் பிறகு 2021 நவம்பர் முதல் தேதி சின்ன வகுப்புகள் திறந்தன. எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தோம். என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, சொல்வதை எழுதுதலில் ஒரு சொல்கூட எழுதவில்லை. ஒன்றரை வருடம் வீட்டில் இருந்ததால் மறந்துவிட்டது என்றே முடிவு செய்தேன். மூன்று வாரம் அடிப்படையிலிருந்து எழுத்து சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் தண்ணீர் குடிக்கக் கவசத்தை இறக்கியபடியே அடுத்த சொல்லைச் சொன்னேன். அதை மட்டும் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். அவளுக்கு எழுத்து மறக்கவே இல்லை. காது சரியாகக் கேட்கவில்லை. அதுவரை டீச்சர்களின் உதட்டைப் பார்த்தே படித்து வந்திருக்கிறாள். அம்மாவை அழைத்துக் கேட்டால், இரண்டு வருடமாகக் காதில் சீழ் வருகிறதாம், தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறார்களாம். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு வலிக்கிறது.

ஆகவே நீங்கள் சோதித்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு காதை மூடிக்கொள்ளச் சொல்லி ஒரு முறை, மற்றதை மூடி ஒரு முறை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறதா, கூப்பிட்டால் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்புகிறதா என்றும் பாருங்கள். சீழ் வந்தால் எண்ணெயும் வேண்டாம், குச்சியும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கண்ணுக்கும் இதே கதைதான். தெருமுனைக் கடைப் பலகையை வாசிக்கச் சொல்லுங்கள், முதலில் ஒரு கண்ணை மூடி, அப்புறம் மற்றதை மூடி. கரும்பலகையில் இருப்பது ஒன்று, நோட்டில் இருப்பது வேறொன்று என்று அடிக்கடி வந்தால் திட்டுவதற்கு முன் கண்ணைக் காட்டுங்கள்.

தூக்கத்தைப் பற்றி வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை குறைந்தது ஒன்பது மணி நேரம் தூங்க வேண்டும். எட்டரைக்கு வந்து, சமைத்து, பத்தேகாலுக்குச் சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுத்தால் காலை ஆறரைக்கு எழுகிற பிள்ளைக்கு ஒன்பது மணி நேரம் எங்கிருந்து வரும்? மதியத்துக்கு முன்பே என் வகுப்பில் தலை சாய்கிறது. குழம்பைக் காலையிலேயே செய்து வைத்துவிட்டால், வந்ததும் சோறு மட்டும் வைத்து ஒன்பது மணிக்குப் பிள்ளைக்குப் போட்டுவிடலாம். வாசிப்பும் சோறு வேகும்போதே முடிந்துவிடும். ஒன்பதரைக்குப் படுக்கட்டும். நீங்கள் பிறகு சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காலைச் சாப்பாட்டைப் பற்றி இப்போது கவலை குறைந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. நேரத்துக்கு அனுப்பினால் போதும், பொங்கலோ உப்புமாவோ சாம்பாரோடு கிடைக்கும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுப்போம், அந்த நாளில் லீவு போடவைக்காதீர்கள்.

பள்ளி விட்டதிலிருந்து நீங்கள் வரும் வரை உள்ள நாலு மணி நேரம்தான் என்னைத் தூங்கவிடாத நேரம். அந்நேரம் பிள்ளைக்குத் துணை பெரும்பாலும் செல்போன்தான். போனைப் பூட்டி வைத்தால் மட்டும் தீராது, அந்த நேரத்தில் செய்ய வேறு ஏதாவது இருக்க வேண்டும். ஒரே லைன் வீட்டில் நாலைந்து பிள்ளைகள் இருந்தால், வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியிடமோ அக்காவிடமோ சொல்லி வைத்து ஆறு மணி வரை வெளியில் விளையாடவிடுங்கள். பாண்டி, பம்பரம், எதுவானாலும் சரி. ஆனால் யார் வீட்டில் இருக்கப் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “அவங்க வீட்டுக்குப் போக மாட்டேன்” என்று சொன்னால் அடம் என்று தள்ளாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள்.

டீச்சரைப் பார்க்க வந்தால் “எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்காதீர்கள். “பரவாயில்லைங்க” என்றுதான் பதில் வரும், நானே அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். “எழுத்துக் கூட்டாம ஒரு வரி வாசிக்கிறானா? கடன் வாங்கிக் கழிக்கறது தனியாப் போடறானா? யாரோட உட்கார்றான்? மத்தியானம் முட்டையைச் சாப்பிடறானா, கொடுத்துடறானா?” என்று கேளுங்கள். இதற்கு டீச்சர் யோசித்துத்தான் பதில் சொல்ல முடியும். தெரியாவிட்டால் அன்றே கவனிக்கத் தொடங்குவார்.

“கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்” என்று பிள்ளையின் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போகும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அண்ணா, நீங்கள் பாசத்தில்தான் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று முழுவதும் அந்தப் பிள்ளை என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், பலகையைப் பார்க்காது. பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனசு நோகப் பேசுவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. எந்தப் பள்ளியில் அடித்தாலும் நீங்கள் கேட்கலாம்.

வாடகை ஏறியதென்று வருட நடுவில் வீடு மாறுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். பழைய பள்ளியிலிருந்து டிசி என்கிற மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. டிசிக்காகக் காத்திருந்து ஒரு மாதம் வீட்டில் உட்காரவைக்காதீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பள்ளி திறக்கும் நாளுக்கு முதல் நாளே திரும்பிவிடுங்கள்.

பள்ளிப் பக்கமே வர முடியாதவர்கள், பிள்ளை வாசிப்பதை ஒரு நிமிடம் போனில் பதிவு செய்து டீச்சருக்கு அனுப்புங்கள். நேற்று ராத்திரி 9.10-க்கு எனக்கு ஒன்று வந்தது. குக்கர் விசிலுக்கு நடுவே ஒரு பையனின் குரல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ‘கொக்கு’ வந்ததும் நின்றுவிட்டான். ‘கெ’ என்றான், மறுபடி நின்றான். அம்மா எதுவும் சொல்லவில்லை. கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், “கொ... கொக்குமா!” என்றான்.